எல்லா வேலைக்கும் ஒரே கத்தியா?

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஏரல் பாலத்துச் சாலையையே அறுத்துக்கொண்டு போனது. என் வாழை எம்மாத்திரம்? சாய்ந்த மரங்களை வெட்டி ஒதுக்க, மலையேறப் போகிறவர்கள் கொண்டுபோகும் 'கேம்ப் கத்தி' ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். விலை மூவாயிரத்துச் சொச்சம். வங்கியில் கடன் மனுக்களைத் துருவித் துருவிப் பார்த்தவன், இதை மட்டும் படத்தைப் பார்த்தே வாங்கிட்டேன்.

அலகு நேராக இருந்ததால் சருகைக் கொக்கிபோல இழுத்து அறுக்க முடியலை. வாழைச்சாறு பட்டதும் ரப்பர் பிடி வழுக்கி, கத்தி முழங்காலை உரசிப் போச்சு.

"சார், எல்லா வேலைக்கும்னு செஞ்சது, ஒரு வேலைக்கும் ஆகாது" என்றார் கூட நின்ற அண்ணாச்சி.

உண்மைதான். விறகு பிளக்க, கயிறு அறுக்க, காய் நறுக்க எல்லாத்துக்கும் அது ஒன்றுதான். நம்மிடம் கதிர் அறுக்கப் பன்னரிவாள், பனையேறிக்குப் பாளை அருவாள், மரத்துக்கு வெட்டருவாள் என்று வேலைக்கு ஒன்று உண்டு.

அந்தக் கத்தி துருப்பிடிக்காது. ஆனால் மழுங்கினால் தீட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்த அருவாள் துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் போதும். மழுங்கினால் வரப்பிலேயே கல்லில் நாலு இழுப்பு.

பிறகு கொல்லர் பட்டறைக்குப் போனேன். "என்ன மரம் வெட்டணும்?" என்று கேட்டு, என் கைக்குத் தக்க எடையும் பிடியும் வைத்துத் தந்தார்.

விதையையும் எருவையும் ஊருக்குள்ளேயே தேடுகிற நாம, கருவியை மட்டும் ஏன் வெளியே தேடணும்? அடுத்த அருவாளைப் பட்டறையில் சொல்லி வையுங்கள். உலை அணைஞ்சுட்டா, தீட்டித் தரக்கூட ஆள் இருக்காது.