ஆன்டி டம்பிங் வரி கையைக் கடிக்கிறதா? மறுஆய்வு கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் சிறிய பட்டறை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிறீர்கள். மூலப்பொருளை வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கிறீர்கள். சரக்கு துறைமுகத்தில் இறங்கிவிட்டது. கஸ்டம்ஸ் ஏஜென்ட் போன் செய்கிறார்: "சார், இதுக்கு ஆன்டி டம்பிங் டியூட்டியும் சேர்த்துக் கட்டணும்." ஆர்டர் விலையை ஏற்கெனவே பேசி முடித்தாச்சு. இப்போது என்ன செய்வது?

இந்தச் சரக்குக்குக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த வரி இனியும் தேவைதானா என்று அரசிடம் கேட்கும் உரிமை உங்களுக்குச் சட்டப்படியே இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

இது என்ன வரி?

ஒரு நாட்டு நிறுவனம் தன் ஊரில் 100 ரூபாய்க்கு விற்கும் பொருளை இந்தியாவுக்கு 80 ரூபாய்க்கு அனுப்பினால், அதுதான் 'டம்பிங்', அதாவது பொருள் குவிப்பு. இதனால் இங்குள்ள உற்பத்தியாளர்களுக்குப் பாதிப்பு என்று விசாரணையில் தெரிந்தால் கூடுதல் வரி போடலாம். 1975-ம் ஆண்டு சுங்கக் கட்டணச் சட்டத்தின் 9ஏ பிரிவும், 1995-ல் வந்த விதிகளும் இதற்கு அடிப்படை.

விசாரிப்பது மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ள வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம். சுருக்கமாக டி.ஜி.டி.ஆர். இது பரிந்துரை மட்டும்தான் செய்யும். வரி போடுவதும் எடுப்பதும் மத்திய நிதி அமைச்சகம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இறக்குமதியில் கட்டும் ஐ.ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். இந்த வரிக்கு அப்படி கிரெடிட் கிடையாது. முழுவதும் உங்கள் செலவுதான். அதனால்தான் சிறு தொழிலில் இது இவ்வளவு வலிக்கிறது.

முதலில் இதைப் பாருங்கள்

மறுஆய்வுக்குப் போகும் முன், உங்கள் பொருள் உண்மையிலேயே அந்த வரிக்குள் வருகிறதா என்று பாருங்கள். நிதி அமைச்சகத்தின் அறிவிக்கையில் பொருளின் விவரம், நாடு, உற்பத்தியாளர் பெயர், வரி அளவு எல்லாம் அட்டவணையாக இருக்கும். ஒரே நாட்டிலேயே ஒரு உற்பத்தியாளருக்குக் குறைவாகவும் இன்னொருவருக்கு அதிகமாகவும் வரி இருக்கலாம். சில ரகங்களுக்கு விலக்கும் இருக்கலாம். சரக்கை ஆர்டர் செய்வதற்கு முன்பே போனில் அதைத் திறந்து படித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மறுஆய்வு எத்தனை வகை?

1. இடைக்கால மறுஆய்வு. இறக்குமதியாளர் தானே கேட்கக்கூடியது இதுதான். வரி போட்டு நியாயமான காலம் கடந்திருக்க வேண்டும். நிலைமை மாறிவிட்டது என்பதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். விதி 23 இதற்கு வழி செய்கிறது.

2. காலாவதி மறுஆய்வு. வரியின் ஆயுள் பொதுவாக 5 ஆண்டு. அது முடியும் முன் "இன்னும் நீட்டியுங்கள்" என்று உள்நாட்டு உற்பத்தியாளர்கள் கேட்பார்கள். விசாரணை தொடங்கியதும் நீங்களும் பதில் தரலாம். ஐந்து வருஷம் ஆச்சு, தானாகப் போய்விடும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். விசாரணை நடக்கும்போது வரியை மேலும் ஓராண்டு வரை தொடரவும் சட்டத்தில் இடமுண்டு.

3. புதிய ஏற்றுமதியாளர் மறுஆய்வு. முதல் விசாரணைக் காலத்தில் இந்தியாவுக்குப் பொருள் அனுப்பாத வெளிநாட்டு நிறுவனம், தனக்குத் தனி வரி அளவு கேட்பது. இதை அந்த நிறுவனம்தான் கேட்க வேண்டும்.

என்ன ஆதாரம் வேண்டும்?

"வரி அதிகமா இருக்கு, குறைங்க" என்று எழுதினால் போதாது. எது மாறியது என்று காட்ட வேண்டும். அந்த நாட்டில் விலை ஏறி, டம்பிங்கே இல்லாமல் போயிருக்கலாம். உங்களுக்குத் தேவையான ரகத்தை இங்கே யாரும் செய்யாமல் இருக்கலாம். உள்நாட்டு உற்பத்தியாளர்கள் பாதிப்பிலிருந்து மீண்டிருக்கலாம்.

இவற்றைத் தயாராக வையுங்கள்:

• பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ் நகல்கள்
• வரி போட்ட அறிவிக்கையின் எண், தேதி
• உள்நாட்டில் விலை கேட்டு எழுதிய கடிதங்கள், வந்த பதில்கள்
• வெளிநாட்டு விலை மாற்றத்துக்கான சான்றுகள்

வியாபார ரகசியம் வெளியே போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ரகசியப் பிரதி, மற்றவர்கள் பார்க்கக்கூடிய பிரதி என இரண்டாகக் கொடுக்கலாம். விண்ணப்ப முறையும் வர்த்தக அறிவிப்புகளும் டி.ஜி.டி.ஆர். இணையதளத்தில் உள்ளன.

விசாரணை தொடங்கினால் அறிவிப்பு வெளியாகும். அதில் சொன்ன நாட்களுக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். வாய்மொழி விசாரணையும் உண்டு. தொடங்கிய 12 மாதத்துக்குள் மறுஆய்வை முடிக்க வேண்டும் என்கிறது விதி. அதுவரை வரி கட்டுவது நிற்காது. மறுஆய்வில் வரி குறையலாம், நீங்கலாம், அப்படியே தொடரலாம். கூடவும் செய்யலாம். எனவே கணக்கைச் சரிபார்த்த பிறகே இறங்குங்கள்.

நேரடியாக இறக்குமதி செய்யாதவர்கள்?

டீலரிடம் வாங்கிப் பயன்படுத்துபவரா நீங்கள்? அந்தப் பொருளைத் தொழிலுக்குப் பயன்படுத்துவோரும் விசாரணையில் கருத்துச் சொல்ல விதி 6 வாய்ப்புத் தருகிறது. தனியாளாகப் போவதைவிட, உங்கள் தொழில் சங்கம் வழியாகப் போவது நல்லது. செலவும் பகிரப்படும், ஆதாரமும் வலுவாகும்.

நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. சீனா, இந்தோனேசியாவிலிருந்து வரும் விஸ்கோஸ் இழைக்கு 2010-ல் இந்த வரி போடப்பட்டது. 2016-ல் நீட்டிக்கப்பட்டது. நூல் விலை ஏறுகிறது, வரியை எடுங்கள் என்று தமிழக ஜவுளித் துறையினர் சங்கங்கள் வழியாகத் தொடர்ந்து கேட்டு வந்தார்கள். 2021 ஆகஸ்டில் அந்த வரி நீக்கப்பட்டது. 2022 மத்திய பட்ஜெட்டிலும், உலோக விலை உயர்வைக் காரணம் காட்டி, சில அலாய் ஸ்டீல் கம்பிகள், ஹை ஸ்பீடு ஸ்டீல் ஆகியவற்றின் மீதான வரி பொதுநலன் கருதி ரத்து செய்யப்பட்டது.

முடிவு பாதகமாக வந்தால்?

சுங்கம், கலால், சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 90 நாட்களுக்குள் போகலாம். உண்மையான டம்பிங் அளவைவிட அதிகமாக வரி கட்டியதாக நிரூபிக்க முடிந்தால், கூடுதல் தொகையைத் திரும்பக் கேட்க 9ஏஏ பிரிவு இருக்கிறது. இரண்டுக்குமே நாள் கணக்கு முக்கியம்.

இன்றே ஒன்று செய்யுங்கள். நீங்கள் கட்டும் வரியின் அறிவிக்கையை எடுத்து, அது போடப்பட்ட தேதியைப் பாருங்கள். ஐந்து ஆண்டு முடியும் நாளை உங்கள் போன் காலண்டரில் குறித்து, ஓராண்டு முன்பே நினைவூட்டல் வையுங்கள். ஆதாரம் சேர்க்க அந்த ஓராண்டு தேவைப்படும்.