கதிர்வீச்சில் நுரையீரல் கட்டி சுருங்கும் விதம்

செல் மடியும் வேகம்

நுரையீரல் புற்றுக்கட்டி, கதிர்வீச்சு பட்ட அன்றே கரைவதில்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் கருவியின் எக்ஸ் கதிர்கள் புற்றுச்செல்லின் டி.என்.ஏ. இழைகளை அறுக்கின்றன. இரண்டு இழைகளும் அருகருகே அறுந்தால் செல்லால் அதைச் சரிவரச் சீர்செய்துகொள்வது கடினம். ஆனாலும் அது அப்போதே சாவதில்லை. அடுத்த முறை பிரிய முயலும்போது, சில நேரம் இரண்டு மூன்று முறை பிரிந்த பின்பே மடிகிறது. மடிந்தவற்றை உடலின் விழுங்கு செல்கள் அப்புறப்படுத்த இன்னும் நாள் பிடிக்கும். வேகமாகப் பிரியும் சிறுசெல் புற்று சில வாரங்களிலேயே வெகுவாகச் சுருங்குவதும், மற்ற வகைகள் நிதானமாகக் குறைவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆறு வாரம்

அறுவை செய்ய முடியாதபடி மார்புக்குள் பரவிய, சிறுசெல் அல்லாத புற்றுக்கு வழக்கமான அளவு 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள் என 30 முறை தரப்படுகிறது. உடல் தாங்குமானால் கீமோதெரபியும் சேரும். இப்படிப் பிரித்துத் தருவதால் நல்ல திசுக்கள் இடைவேளையில் தேறிக்கொள்கின்றன.

இந்த வாரங்களில் கட்டியின் கன அளவு சராசரியாக நாளுக்கு ஒரு சதவீதம் போலக் குறைகிறது. ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். படத்தில் 5 செ.மீ. அகலம் இருந்த கட்டி 4 செ.மீ. ஆனால் குடும்பத்தார் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். சோர வேண்டியதில்லை. உருண்டையான கட்டியில் அந்த ஒரு செ.மீ. குறைந்தாலே கன அளவு கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது.

இடம் மாறும் கட்டி

மூச்சுக்குழாயை அடைத்திருந்த கட்டி சுருங்கினால், காற்றில்லாமல் மடங்கிக் கிடந்த நுரையீரல் பகுதி மறுபடி விரியும். அப்போது கட்டியே சற்று நகர்ந்துவிடலாம். அதனால்தான் சிகிச்சை மேசையிலேயே சிடி படம் எடுத்துச் சரிபார்க்கிறார்கள். மாற்றம் பெரிதானால் திட்டத்தைப் புதிதாகப் போடுகிறார்கள். ஆனால் கட்டி சுருங்கிய அளவுக்கு அப்படியே கதிர்ப் பரப்பையும் குறைத்துவிட முடியாது. கட்டி விலகிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத புற்றுச்செல்கள் தங்கியிருக்கக்கூடும்.

தாண்டிக்குடியிலிருந்து

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1957இல் கதிர்வீச்சு தரும் கோபால்ட் கருவி வந்தது. இன்று பழனி மலைக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை; மதுரை பாலரெங்காபுரத்தில் அரசு புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் கதிர்வீச்சு சிகிச்சை அடங்கும். ஆனாலும் பழனி மலையிலுள்ள தாண்டிக்குடியிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கி, மதுரை போய்த் திரும்புவதை ஆறு வாரம் தினமும் செய்ய நோயாளியின் உடம்பு இடம் தராது. மதுரையிலேயே தங்க வழி செய்துகொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்தது.

பாதி சிகிச்சையிலேயே பலருக்கு இருமல், சளியில் ரத்தம், மூச்சிரைப்பு தணியும். காப்பிப் பழம் பறிக்கும் நாட்களாக இருந்தால் தோட்டத்துக்குத் திரும்பிவிடத் தோன்றும். ஆபத்து அங்கேதான். இடையில் நிறுத்தினால், எஞ்சிய புற்றுச்செல்கள் அந்த நாட்களில் மீண்டும் பெருகுகின்றன. ‘கரண்ட்’ (கதிர்வீச்சு) வைப்பதை ஒரு நாள் தவறவிட நேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டால், விட்டுப்போன அளவை ஈடுகட்ட அவர்கள் வழி பார்ப்பார்கள்.

முடிந்த பிறகு

கடைசி நாளுக்குப் பின்னும் மாதக்கணக்கில் கட்டி சுருங்கும். ஆகவே பலன் தெரிய எடுக்கும் சிடி படத்தைப் பெரும்பாலும் மூன்றாம் மாதத்தை ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், லேசான காய்ச்சல், மூச்சிரைப்பு வந்தால் அது கதிர்வீச்சால் வரும் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். மலைக்குளிரில் இதைச் சளி என்றே நினைத்து விட்டுவிடுவது எளிது. காலத்தோடு காட்டினால் ஸ்டீராய்டு மருந்தில் பெரும்பாலும் தணியும். காசநோய் மருந்தை ஊகத்தில் தொடங்கி வாரங்களை இழக்கக் கூடாது. சிகிச்சை தந்த மருத்துவரிடமே காட்ட வேண்டும்.

பிறகு அந்த இடத்தில் தழும்பு படிகிறது. படத்தில் அது கட்டியைப் போலவே தெரியும். அளவு மாறாமல் நின்றாலோ சுருங்கினாலோ பொதுவாக அது தழும்புதான். அடுத்தடுத்த படங்களில் வளர்ந்துகொண்டே போனால் பெட் ஸ்கேனும், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்கிறார்கள்.