கண்ணாடியைக் கழற்றலாமா? கருவிழியைக் கேளுங்கள்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் வந்துவிட்டதைப் பலகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சாலையோரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்! பத்து மணி வெயிலுக்கே கண் கூசும். தலைக்கு மேலே ஒரு சூரியன், பாத்தித் தண்ணீரில் இன்னொரு சூரியன்.

இந்த ஊரில் மூக்குக் கண்ணாடி போடுவது தனி அவஸ்தை. வியர்வையில் வழுக்கும். உப்புக் காற்றில் மங்கும். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடு என்றால் இன்னொரு பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

"என்னங்க, லேசர் வெச்சா கண்ணாடியே வேணாமாமே? நம்ம பொண்ணுக்கும் பண்ணிடலாமா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

"பண்ணலாம்தான்... அவ கண்ணு ஒத்துக்கணுமே!"

பல வீடுகளில் நடக்கிற பேச்சு இது. இதில் கணவர் சொல்வதுதான் சரி. ஏன் என்று பார்ப்போம்.

வான்கோழியில் தொடங்கிய கதை

இந்த சிகிச்சைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் நம் சென்னைக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1981-ல் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல், பட்ட இடம் மட்டும் துல்லியமாகச் செதுக்கப்பட்டிருந்தது! அவரும் சக விஞ்ஞானிகளான ஜேம்ஸ் வைன், சாமுவேல் ப்ளம் இருவரும் சேர்ந்து செய்த இந்தக் கண்டுபிடிப்புதான் பின்னாளில் கண் மருத்துவத்துக்கு வந்தது.

ரெடிமேடா, அளவெடுத்துத் தைப்பதா?

கருவிழிக்கு முன்னால் வாட்ச் கண்ணாடி மாதிரி இருப்பது கார்னியா. லேசர் இதைத்தான் செதுக்கி 'பவரை'ச் சரிசெய்கிறது. சாதாரண முறையில் கண்ணாடியின் பவரே கணக்கு. 'கஸ்டமைஸ்டு' முறை, டெய்லர் அளவெடுத்துத் தைக்கிற சட்டை போல. அதில் இரண்டு வகை உண்டு. ஒளி கண்ணுக்குள் போய்த் திரும்பும்போது எங்கெங்கே பிசகுகிறது என்று அளந்து செய்வது 'வேவ்ஃப்ரன்ட்'. கார்னியாவின் மேடு பள்ளங்களை வரைபடமாக எடுத்துச் செய்வது 'டோபோகிராஃபி'. சிலருக்கு இரவு வெளிச்சத்தில் வரும் கூச்சமும் ஒளிவட்டமும் இதனால் குறையலாம். எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை.

செய்யும் விதத்திலும் வேறுபாடு உண்டு:

* லேசிக்: கார்னியாவில் மெல்லிய மூடி போலத் திறந்து, உள்ளே செதுக்கி, மறுபடி மூடுவார்கள். பலருக்கு மறுநாளே பார்வை தெளிந்துவிடும்.
* பி.ஆர்.கே: மூடி கிடையாது, மேற்பரப்பிலேயே செதுக்குவது. மூன்று நான்கு நாள் வலியும் உறுத்தலும் இருக்கும். பார்வை மெதுவாகத்தான் தெளியும். கார்னியா சற்று மெல்லியதாக உள்ளவர்களுக்கும், கண்ணில் அடிபட வாய்ப்புள்ள வேலைக்காரர்களுக்கும் ஏற்றது.
* ஸ்மைல்: சிறு கீறல் வழியே உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை எடுத்துவிடுவது.

பவர் மிக அதிகமென்றால் லேசரே வேண்டாம். கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் வழி இருக்கிறது.

அரை மில்லிமீட்டர் கணக்கு

கார்னியாவின் கனம் சராசரியாக 540 மைக்ரான். அதாவது அரை மில்லிமீட்டர் சொச்சம்! லேசிக்கில் மூடிக்கே சுமார் 110 போய்விடும். ஒவ்வொரு பவருக்கும் ஏறக்குறைய 15 மைக்ரான் செதுக்க வேண்டும். மைனஸ் 4 என்றால் 60. மீதி 370 இருக்கும், கவலையில்லை. அதே லேசிக்கை 480 மைக்ரான் கார்னியாவில் மைனஸ் 8-க்குச் செய்தால்? மிஞ்சுவது 250தான். அதற்குக் கீழே போகவே கூடாது. 300 இருந்தால் நல்லது என்பவர்களும் உண்டு.

கனம் குறைந்தால் கார்னியா பலவீனமாகி முன்னால் புடைக்கலாம். 'கெரட்டோகோனஸ்' என்ற கூம்புக் கார்னியா ஏற்கெனவே இருப்பவருக்கு வழக்கமான லேசிக் செய்தால் ஆபத்து. கண்ணாடி பவர் அடிக்கடி மாறுகிறதா? கண்ணை எப்போதும் கசக்குகிறாளா? முதல் பரிசோதனையிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

உப்புக் கரைக்காரர்களுக்கு

வெயிலும் காற்றும் தூசியும் சேர்ந்தால் மூக்கோரத்திலிருந்து கருவிழி மேல் சதை வளரும். இதுவும் பவரை மாற்றும். முதலில் சதையைக் கவனித்து, கண் ஆறிய பிறகே லேசருக்கு அளவெடுக்க வேண்டும். லேசிக்குக்குப் பின் சில மாதம் கண் வறட்சி இருக்கலாம். கடல் காற்று அதைக் கூட்டும். பி.ஆர்.கே. செய்தவர் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெயிலில் இறங்கவே கூடாது, கார்னியா மங்கலாகிவிடும்.

முடிவெடுக்கும் முன்...

வயது 18 ஆகியிருக்க வேண்டும். ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேசர் செய்துகொண்டாலும் நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்தே தீரும்.

மரக்காணத்துக்காரர்களுக்குப் பாண்டிச்சேரி பக்கம்தான். ஜிப்மர் இருக்கிறது. 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிறது. முதலில் முழுப் பரிசோதனைக்குப் போங்கள். தேதியைப் பிறகு குறிக்கலாம்.

"உங்க பொண்ணுக்கு லேசர் வேண்டாம்மா" என்று டாக்டர் சொன்னால் முகம் வாட வேண்டாம். அவர் காப்பாற்றியது அவள் பார்வையை. கண்ணாடியோடு பெண்ணை ஏற்றுக்கொள்கிற மாப்பிள்ளை கிடைக்காமலா போய்விடுவார்?