முக்கால் கிலோக் கணக்கு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையில் விடியற்காலையில் பிரயாணம் செய்திருக்கிறீர்களா? இரு புறமும் கரிசல் காடு. மழை பெய்த வருஷமானால் கம்பும் குதிரைவாலியும் மல்லியும் பருத்தியும் கண்ணுக்குத் தென்படும். பெய்யாத வருஷமானால் சீமைக் கருவேலும் பனையுமே துணை. திருச்சுழியில் குண்டாறு இருக்கிறது. ஆயினும் வருஷத்தில் பல மாதங்கள் அது வெறும் மணலாகத்தான் கிடக்கும். இப்பேர்ப்பட்ட வறண்ட சீமையில் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் இப்பொழுது பஞ்சமே கிடையாது. அது சீனி! வடக்கு ஜில்லாக்காரர்கள் சர்க்கரை என்று சொல்வதை நாங்கள் சீனி என்போம். பஸ் நிற்குமிடமெல்லாம் டீக்கடை. கடைதோறும் டம்ளருக்கு இரண்டு கரண்டிச் சீனி. "மாஸ்டர், சீனி தூக்கலா!" என்று கேட்போரும் உண்டு.

இனிப்பைப் பழிப்பது என் நோக்கமன்று. மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும், தென்மேற்கே கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் புவிசார் குறியீடு பெறும் அளவுக்குப் புகழ் பெற்றவை. அவற்றுக்கு நடுவே வாழ்கிறவன் இனிப்பை வெறுக்க முடியுமா? என் தொல்லை வேறு. எடையைக் குறைத்தே தீரவேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன்; சீனியோ என்னை விடுவதாயில்லை. அந்தப் போராட்டத்தில் கற்ற சில விஷயங்களை நேயர்களிடம் சொல்லலாமென்று தோன்றியது.

வகுப்பறையில் அகப்பட்டது

நான் கணக்கு வாத்தியார். ஒரு நாள் ஏழாம் வகுப்பில் சராசரி என்னும் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குச் சுவாரஸ்யமாக இருக்கட்டுமென்று ஒரு வீட்டுக் கணக்குக் கொடுத்தேன். "உங்கள் வீட்டில் மாதத்திற்கு எத்தனை கிலோ சீனி, வெல்லம், கருப்பட்டி வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். அதை வீட்டிலுள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடியும் முப்பதால் வகுத்து வாருங்கள்" என்றேன்.

மறுநாள் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு சிறுமி, தலைக்கு 22 கிராம் என்று எழுதி வந்திருந்தாள். "எப்படியம்மா இவ்வளவு குறைவு?" என்று கேட்டேன். "அப்பத்தா சீனி டப்பாவைப் பரண் மேல தூக்கி வச்சிருவாங்க, சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. உடனே கடைசி வரிசையிலிருந்த ஒரு பையன் எழுந்து, "உங்க வீட்டுல எவ்வளவு, சார்?" என்று கேட்டுவிட்டான்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் மளிகைச் சிட்டையைப் புரட்டினேன். நாங்கள் நால்வர்: தாயார், மனைவி, மகள், நான். மாதம் ஆறு கிலோ சீனி, ஒரு கிலோ கருப்பட்டி. ஏழாயிரம் கிராமை நாலால் வகுத்து முப்பதால் வகுத்தால் தலைக்கு 58 கிராம்! இதில் நான் டீக்கடையில் குடித்தது சேரவில்லை. கல்யாண வீட்டு லட்டும் சேரவில்லை.

எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அளவுகோல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரை, ஆகாரத்திற்குச் சேர்க்கும் சர்க்கரையும், தேன், பழரசம் முதலியவற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து, நாம் உண்ணும் மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நலம். ஒரு சாதாரண மனிதருக்கு அது ஏறக்குறைய 25 கிராம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் 20 முதல் 25 கிராம் என்றே சொல்லுகிறது. 25 கிராம் என்பது சுமார் ஐந்து தேக்கரண்டி. மாதத்திற்குத் தலைக்கு முக்கால் கிலோ. நாலு பேருள்ள குடும்பத்திற்கு மூன்று கிலோ. எங்கள் வீட்டில் ஏழு!

ஒரு காலின் கதை

இது வெறும் கணக்கு வேடிக்கையாக இருந்திருந்தால் மறந்திருப்பேன். ஆனால் அதே மாதத்தில் ஒரு சுகாதார ஊழியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்களல்லவா? தாயாருக்குப் பார்க்க வந்தவர், "நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள், சார்" என்று என் விரலிலும் குத்தினார். எண் கொஞ்சம் கூடுதலாயிருந்தது. டாக்டரிடம் போனேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் 6.2 வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5 ஆனால் நீரிழிவு. நான் இடைவெளியில் நிற்கிறேன். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 82 கிலோ, இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90-க்குள்ளும், பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்க வேண்டுமாம்.

என் தகப்பனார் கைத்தறி நெசவாளி. குழித்தறியில் உட்கார்ந்து நாளெல்லாம் கால் மிதித்தவர். தறி நின்ற பிறகும் டீ நிற்கவில்லை. அறுபது வயதுக்குமேல் நீரிழிவு வந்தது. பாதத்தில் கல் குத்திய புண் அவருக்குத் தெரியவேயில்லை. உணர்ச்சி மங்கிவிட்டிருந்தது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் தறி மிதித்த கால் அது. டாக்டர் 6.2 என்று சொன்னபோது எனக்கு அந்தக் கால்தான் ஞாபகத்திற்கு வந்தது.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். என்னைப்போல் எல்லையில் நிற்பவர்கள் சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர்.

சீனி எப்படிச் சதையாகிறது?

"சீனி தின்றால் நீரிழிவு வரும்" என்று மொட்டையாகச் சொல்வது சரியன்று. பரம்பரை, வயது, உழைப்பின்மை, மொத்த ஆகாரம் எல்லாம் சேர்ந்துதான் அதைக் கொண்டுவருகின்றன. ஆனால் மிதமிஞ்சிய எடை, அதிலும் வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, அதற்கு வாசலைத் திறந்துவிடுகிறது. அந்த எடையை ஏற்றுவதில் சீனி கெட்டிக்காரன்.

ஒரு கிராம் சீனியில் 4 கலோரி. சீனியில் குளுக்கோஸ் பாதி, பிரக்டோஸ் பாதி. முன்னது விரைவில் ரத்தத்தில் ஏறுகிறது. அதை அடக்கக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. பின்னது பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகிறது. மிகுந்தால் அங்கே கொழுப்பாக மாறுகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினுடைய சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. டீயிலும் சர்பத்திலும் கரைந்து வரும் சீனி வயிற்றை நிரப்பியதாக நமக்குத் தோன்றுவதில்லை. 300 மில்லி குளிர்பானத்தில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது; ஒரு நாள் பங்குக்கு மேலேயே வந்துவிட்டது. ஆனாலும் அதைக் குடித்துவிட்டு இரண்டு இட்லியைக் குறைத்துக்கொண்டவர்கள் உண்டா?

58 கிராமை 25 ஆக்கினால் தினம் 132 கலோரி மிச்சம். காகிதத்தில் பெருக்கினால் ஒரு வருஷத்தில் ஆறு கிலோக் கொழுப்பு கரையவேண்டும். ஆனால் தேகம் காகிதமல்ல. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது, பசியும் கூடுகிறது. ஆகையால் கணக்கில் வருவதைவிடக் குறைவாகவே கரையும் என்று எதிர்பார்ப்பதுதான் விவேகம்.

கருப்பட்டி வாதம்

நான் சீனியைக் குறைப்பதாகச் சொன்னதும் தாயார், "சீனியை விட்டுட்டுக் கருப்பட்டி போட்டுக்கோப்பா, அது ஒண்ணும் செய்யாது" என்றார்கள். இந்த வாதத்தை மறுப்பது எனக்கு மிகவும் கஷ்டமாயிருந்தது. கரும்பு அரிதான எங்கள் கரிசலுக்கு இனிப்பைக் கொடுத்தது பனைதான். எங்கள் ஊருக்கு வடமேற்கே கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி வருஷங்களைக் கழித்து 1960-இல் மறைந்த ஜே. சி. குமரப்பா, 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். பனைவெல்லத் தொழிலை வளர்ப்பதும் அச்சங்கத்தின் பணிகளில் ஒன்று. பனையேறிக்குப் பிழைப்பும் கிராமத்திற்குத் தொழிலும் கொடுக்கும் கருப்பட்டியை நான் எப்படித் தள்ளுவேன்?

ஆயினும் அபிமானம் வேறு, கணக்கு வேறு. கருப்பட்டியில் சில தாதுச் சத்துக்கள் உண்டு. ஆனால் அதன் பெரும்பங்கு சர்க்கரையே. வெல்லமும் தேனும் அப்படித்தான். 100 கிராம் சீனியில் சுமார் 400 கலோரி என்றால், வெல்லத்தில் சுமார் 350-க்கு மேல். நிறம் மாறினால் எடை குறையாது. சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி வாங்குங்கள்; பனையேறிக்குப் புண்ணியம். ஆனால் அதையும் அந்த முக்கால் கிலோவுக்குள்ளேயே அடக்கிவிடுங்கள்.

கம்பு, குதிரைவாலி விஷயமும் இவ்வாறே. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது எங்கள் கரிசலுக்குப் பெருமைதான். அவற்றின் நார்ச்சத்து நல்லது. ஆனால் தானியம் எதுவானாலும் மாவுச்சத்து உண்டு, அளவு உண்டு. இனிப்பு மாத்திரைகளை நம்புவோருக்கும் ஒரு வார்த்தை: எடை குறைப்பதற்கென்று அவற்றைக் கைக்கொள்ள வேண்டாமென்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. நாக்கைத் தித்திப்பிலிருந்து பழக்கம் விடுவிப்பதே வழி.

நாங்கள் செய்தது

மாதத் தொடக்கத்தில் மூன்று கிலோ அளந்து ஒரே டப்பாவில் போட்டோம். தீர்ந்தால் மறு மாதந்தான். டீயில் இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கினேன், பத்து நாள் கழித்து ஒன்று, பிறகு அரை. திடீரென்று நிறுத்தியிருந்தால் மூன்றாம் நாளே தோற்றிருப்பேன். முதலில் டீ கஷாயம் போலிருந்தது. ஒரு மாதத்தில் பழைய டீ பாயசம் போலத் தோன்றலாயிற்று! வெளியே குடிக்கும் டீ மூன்றை ஒன்றாக்கினேன். இனிப்பைப் பண்டிகைக்கும் விசேஷத்திற்கும் ஒதுக்கினோம். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பையும் காய்கறியையும் கூட்டினோம். மாலையில் கண்மாய்க் கரையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன்.

நடைக்கும் ஆதாரம் உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும் என்னைப்போல் எல்லையில் நின்ற 531 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்று வருஷத்திற்குள் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. ஆகாரத்தைத் திருத்தி, நடையைக் கூட்டியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. தராசு அசையவில்லையே என்று மனம் தளர்வோருக்கு இது ஓர் ஆறுதல்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேளாமல் ஆகாரத்தைத் தடாலென்று மாற்றலாகாது. சர்க்கரை மட்டுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வந்தால், அப்போது சீனியே மருந்து.

மிகக் கடினமானது நாக்கல்ல, உபசாரம். மாணவர் வீட்டுக்குப் போனால், "வாத்தியாருக்கு நல்லாச் சீனி போட்டுக் கொண்டு வா" என்று உள்ளே குரல் கேட்கும். சீனியில்லாமல் கொடுப்பதை அவமதிப்பென்று நினைக்கும் அன்பு அது. இப்போதெல்லாம், "எனக்கு மோர் கொடுங்கள், அம்மா" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோர் இல்லாத வீடு எங்கள் பக்கம் அபூர்வம்.

பதினான்கு மாதங்கள் ஆயின. எடை 82-லிருந்து 77, இடுப்பு 98, பரிசோதனையில் 5.9. இன்னும் எல்லைக்குள்தான் நிற்கிறேன், எடையும் அதிகந்தான். வெற்றியென்று முழங்குவதற்கில்லை.

சென்ற தைப் பொங்கலன்று தாயார் சர்க்கரைப் பொங்கலைச் சின்னக் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். முன்பெல்லாம் இலை நிறைய வைப்பவர்கள். "போதுமாப்பா?" என்றார்கள். "போதும்மா" என்றேன். சுவரிலிருந்த தகப்பனாரின் படத்தைப் பார்த்தபடி, "உங்க அப்பாவுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லலையே" என்று முணுமுணுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டு மளிகைச் சிட்டையை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். மாதச் சீனியைத் தலையெண்ணிக்கையால் வகுங்கள். முக்கால் கிலோவுக்கு மேல் வந்தால், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கை நீங்களே சொல்லிக்கொடுங்கள்.