உங்களுக்குத் தெரியுமா? முதுகு அறுவைக்கு முன்னும் பின்னும் நடையை அளக்கலாம்

இடுப்புப் பகுதியில் முதுகுத்தண்டுக் கால்வாய் சுருங்கியவர்களுக்கு, நடந்தால் கால் மரத்துக் கடுக்கும். உட்கார்ந்தாலோ குனிந்தாலோ தணியும். அதனால் அறுவை சிகிச்சையின் பலனை 'வலி குறைந்ததா?' என்ற கேள்வியோடு முடிக்கக் கூடாது. 30 மீட்டர் நேர்ப்பாதையில் 6 நிமிடத்தில் நடக்கும் தூரத்தை முன்னும் பின்னும் குறிக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரும் நேரத்தையும் கணக்கிடலாம். டேப்பும் கடிகாரமும் போதும்.

அளந்து பார்க்கும் ஆஸ்பத்திரித் தாழ்வாரமும், அன்றாடம் நடக்கும் காரைக்கால் கடற்கரை மணலும் திருநள்ளாற்று வயல் வரப்பும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்லதான், ஆனால் இருமுறையும் அளவுகோல் ஒன்றே என்பதால் மாற்றம் தெளிவாகத் தெரியும். வலி குறைந்தும் நடை தேறாதவர்களை அடையாளம் காணவும் இந்த அளவீடு உதவும். அறுவைக்கு நாள் குறிக்கும்போதே நடையையும் அளந்து எழுதச் சொல்லுங்கள்.