இரண்டு சபாபதிகள்

எஜமானன் பெயர் சபாபதி. வேலைக்காரன் பெயரும் சபாபதி. பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' நாடகத்தின் சிரிப்பெல்லாம் இந்த ஒரு முடிச்சில் இருக்கிறது. சொன்ன சொல்லைச் சொன்னபடியே பிடித்துக்கொண்டு காரியத்தைக் கெடுக்கிறான் வேலைக்காரன். அவன் மட்டுமா மண்டு? செல்வத்தில் வளர்ந்தும் படிப்பு ஏறாத சின்ன எஜமானும் அதே ரகம்தான். இருவரையும் பிரிப்பது பணப்பெட்டி ஒன்றே. இதை எழுதியவர் பின்னாளில் நீதிபதியாக உட்கார்ந்தவர் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

நாடகக்காரன் என்றால் கூத்தாடி என்று ஒதுக்கிய காலத்தில், 1891இல், பதினெட்டு வயதில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் பம்மல். வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் அரிதாரம் பூச வைத்தார். அந்த மேடைச் சிரிப்பை 1941 டிசம்பரில் அதே பெயரில் திரைக்குக் கொண்டுவந்தார் ஏ.வி. மெய்யப்பன். படத்தை ஏ.டி. கிருஷ்ணசாமியும் அவரும் சேர்ந்து இயக்கினார்கள். இசைத்தட்டு விற்பனையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர் மெய்யப்பன். பாட்டு இல்லாமல் படம் எடுப்பாரா?

சின்ன எஜமானாக டி.ஆர். ராமச்சந்திரன். அந்த உருண்டை விழிகளைப் பார்த்து ஹாலிவுட்டின் எடி கேண்டரோடு ஒப்பிட்டார்கள். பொருத்தம்தான். கேண்டரின் 'ஹூப்பி'யும் பிராட்வே மேடையில் 1928இல் ஆடி, 1930இல் வண்ணப்படமான பாட்டுச் சிரிப்புக் கதை. அங்கே நடனக் கூட்டமும் பகட்டும் கண்ணை நிறைக்கும். 'சபாபதி'யில் கறுப்பு வெள்ளையில் ஒரு வீட்டுக் கூடம் போதும்.

அந்தக் கூடத்தை ஆள்பவர் வேலைக்காரனாக வரும் காளி என். ரத்னம். சிறுவர் நாடகக் குழுவான பாய்ஸ் கம்பெனியில் வாத்தியாராக இருந்து பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர். எவ்வளவு திட்டு விழுந்தாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. தான் செய்தது சரி என்ற நம்பிக்கையோடு நிற்பார். சிரிக்க வைக்க அவர் முயல்வதே இல்லை, அதுதான் வித்தை. சி.டி. ராஜகாந்தம் எதிரே வந்து வாயைத் திறந்தால் ஆட்டம் இரட்டிப்பு.

கேமரா அதிகம் நகராததைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். இந்த நடிகர்களுக்குத் தலை முதல் கால் வரை தெரியும் இடம் வேண்டும். பதில் சொல்லுமுன் ஒரு கணம் மௌனம் வேண்டும். இரண்டையும் படம் தருகிறது.

போன பொங்கலுக்கு மங்களூரில், எங்கள் வீட்டுத் திண்ணையில், கைப்பேசியில் இந்தப் படத்தை ஓட்டினேன். விருத்தாசலத்தில் படிக்கும் அக்கா மகனுக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. ரத்னம் வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிட்டு, "மாமா, திரும்ப வையுங்க" என்றான்.