கை எடுக்காத கோலம், தலை தூக்காத பிட்

சிராங்கூன் சாலையில் கைப்பேசி உறை, வளையல், பொம்மை விற்கும் கடைகளில் சுவரோடு ஒரு பலகை இருக்கும். குறுக்கே வரிவரியாகக் காடி ஓடும். அதில் கொக்கியைச் செருகிப் பொருள்களைத் தொங்கவிடுவார்கள். கொக்கி கழன்று விழாததற்குக் காரணம், காடியின் வாய் ஒடுக்கமாகவும் உட்புறம் அகலமாகவும் இருப்பதுதான்.

அந்தக் காடியை வெட்டும் பிட்டுக்கும் அதே வடிவம்தான்: ஒல்லியான கழுத்து, அகன்ற தலை. தொழிலில் இதை டி-ஸ்லாட் பிட் என்பார்கள். புறா வாலைப்போல் அடி விரிந்த டவ்டெயில் பிட்டும், சாமிப் படச் சட்டத்தின் முதுகில் ஆணி மாட்டக் குழி வெட்டும் கீஹோல் பிட்டும் இதே குடும்பம்.

சிஎன்சி ரவுட்டர் என்பது கணினி சொன்ன வழியில் பிட்டை ஓட்டும் மர வெட்டு இயந்திரம். சாதாரண நேர் பிட் என்றால் கவலை இல்லை. ஒரு கோட்டை வெட்டும், மேலே தூக்கும், அடுத்த இடத்துக்குத் தாவும், மறுபடி இறங்கும். பாதை போடும் மென்பொருள்களுக்கும் இதுவே பழக்கம். அகன்ற தலைப் பிட்டுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. 10 மில்லிமீட்டர் தலை பலகைக்குள் இருக்கிறது, மேலே உள்ள வாயோ 5 மில்லிமீட்டர். அங்கே 'தூக்கு' என்று கட்டளை வந்தால் தலை பலகையைக் கிழித்துக்கொண்டு வரும், அல்லது கழுத்து ஒடியும், அல்லது பலகையே மேசையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறக்கும். பலகை போனால் வேறு வாங்கலாம். பக்கத்தில் ஆள் நிற்பதுதான் பயம்.

ஆகவே நுழைந்த பிறகு வெளியே வரும்வரை பிட் தலை தூக்கக் கூடாது. நுழைவதும் வெளியேறுவதும் பலகையின் விளிம்பில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை புகும் அளவுக்கு முன்பே போட்ட துளையில் நடக்க வேண்டும். டி-ஸ்லாட், டவ்டெயில் பிட்டுகளில் ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவும் முடியாது. முதலில் நேர் பிட்டால் கழுத்து அகலத்துக்குப் பள்ளம் எடுத்துவிட்டு, அகன்ற பிட்டை ஒரே ஆழத்தில் ஓட்டுவதே வழக்கம்.

கையை எடுக்காமல் கோடு இழுக்கும் இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. வீவக வீட்டு வாசலில் சிக்குக் கோலம் போடுபவர் தினமும் தீர்க்கும் சிக்கல் இது. சென்னை கிறிஸ்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974ஆம் ஆண்டிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். பாட்டிமார் கைக்கணக்கு ஆய்விதழ் ஏறியது அப்படித்தான்.

ஒரே இழையில் எது முடியும், எது முடியாது என்பதற்கு 1736ல் ஆய்லர் விடை சொன்னார். ஒரு சந்தியில் எத்தனை கோடுகள் கூடுகின்றன என்று எண்ண வேண்டும். எல்லாச் சந்தியிலும் இரட்டைப்படை என்றால் தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம். இரண்டே சந்திகளில் ஒற்றைப்படை என்றால் ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிக்க வேண்டும். மர வேலையில் அந்த இரண்டும் விளிம்பிலோ துளையிலோ அமைய வேண்டும். அதற்கு மேல் போனால் ஒரே ஓட்டத்தில், போன தடத்தில் திரும்பாமல் முடியாது.

ஆனால் மரத்துக்கு ஒரு சலுகை உண்டு. வெட்டிய காடியிலேயே பிட் திரும்பி வரலாம். ஒவ்வொரு கோட்டையும் போக ஒருமுறை, வர ஒருமுறை என இரண்டாக எண்ணினால் எல்லாச் சந்தியும் இரட்டைப்படை ஆகிவிடும். கிளை பிரியும் காடியானாலும் ஒரே துளையில் இறங்கி அதிலேயே ஏறலாம். கீஹோல் பிட் செய்வது இதைத்தான்: இறங்கு, போ, வந்த வழியே திரும்பு, ஏறு.

சிக்குக் கோலத்தில் இன்னொரு நுட்பம். கோடுகள் வெட்டும் இடத்தில் திரும்பாமல் நேரே போக வேண்டும் என்பது கோலத்தின் ஒழுங்கு. செவ்வகமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவெல்லாம் கோடு குறுக்கிடும் எளிய கோலத்தில், வரிசை எண்ணையும் புள்ளி எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்தான் இழைகளின் எண்ணிக்கை. 3க்கு 5 புள்ளி என்றால் ஒரே இழை. 4க்கு 6 என்றால் இரண்டு. 5க்கு 5 என்றால் ஐந்து தனி இழைகள். டி-ஸ்லாட் பிட்டால் வெட்டினால் இழைக்கொரு துளை வேண்டும். குறுக்கிடும் இடத்தில் திருப்பிவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கலாம்தான். ஆனால் கூர்மையான திருப்பத்தில் இயந்திரம் வேகம் குறையும், சுழலும் பிட் ஒரே இடத்தில் உரசும், மரம் கருகும். வளைந்து ஓடும் பாதைக்கு அந்தத் தொல்லை குறைவு. கோலம் போடுபவர்கள் அழகுக்காகச் செய்வது இங்கே பிட்டின் ஆயுளைக் கூட்டுகிறது.

சுங்கை காடுட் போன்ற மரத்தொழில் வட்டாரங்களில் வேலைக்குச் சேரும் இளையர்கள் பலகையை ஏற்றுவதற்குமுன் ஜி-கோடைத் திறந்து 'இசட்' என்ற எழுத்தைத் தேடிப் பார்க்கலாம். உயரத்தை மாற்றும் கட்டளை அதில்தான் இருக்கும். தொடக்கத்தில் ஓர் இறக்கம், முடிவில் ஓர் ஏற்றம், நடுவில் எதுவும் இல்லை என்றால் சரி. அதன்பிறகும் பிட்டைப் பலகைக்கு மேலே உயர்த்தி வைத்து, ஒருமுறை வெறுங்காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டே வெட்டத் தொடங்க வேண்டும்.